கடைசி மூன்றரைக் கிலோமீட்டர்: எல்லை ஊர் ஒன்றில் நடந்த கருத்துக் கேட்பு

இடுக்கி மாவட்டத்தில், தேனிப் பக்கத்திலிருந்து மலையேறி வரும் சாலைகள் கேரளத்துக்குள் நுழையும் ஊர்களில் ஒன்று இது. ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. திட்டத்தை ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் காலையில் ஒரே டீக்கடையில் நிற்க வேண்டியவர்கள். பெயரோடு அச்சில் வந்துவிட்டால் அந்த டீ கசந்துபோகும்.

ஊரின் அமைப்பைச் சொன்னாலே பிரச்சினை பாதி விளங்கிவிடும். கடைவீதி ஒன்றுதான். அதன் கீழ்முனையில் சோதனைச் சாவடி, அதை ஒட்டி ஒரு மைதானம். மேல்முனையில் பிரியும் குறுகலான சாலை மூன்றரைக் கிலோமீட்டர் ஏறி, தமிழ்நாட்டுச் சமவெளியைப் பார்த்தபடி நிற்கும் ஒரு காட்சிமுனையில் முடிகிறது. அங்கே வண்டியைத் திருப்ப இடமில்லை. எதிரெதிரே இரண்டு கார் வந்தால் ஒன்று பின்னோக்கிப் போக வேண்டும். மூன்றாவது வந்துவிட்டால் யாரும் எங்கும் போக முடியாது. சனி, ஞாயிறு, ஓணம், பொங்கல், கோடை விடுமுறை எல்லாம் இந்தக் கதைதான். அந்தச் சாலையில் ஏலக்காய்த் தோட்டங்களும், தேயிலை எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான இரண்டு லயங்களும் இருக்கின்றன. ஒரு ஞாயிற்றுக்கிழமை நெஞ்சுவலி வந்தவரை லயத்திலிருந்து நாற்காலியில் உட்கார வைத்து, நின்றுபோன கார்களுக்கு நடுவே தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். அவர் பிழைத்துக்கொண்டார். பஞ்சாயத்து அசைந்தது அதற்குப் பிறகுதான்.

திட்டம் எளிமையானது. சுற்றுலாப் பயணிகளின் கார்களை மைதானத்திலேயே நிறுத்த வேண்டும். இருநூறு காருக்கு இடம். அங்கிருந்து முப்பது இருக்கை மினி பஸ் ஆறு, காட்சிமுனைக்குப் போய்த் திரும்பும். நிறுத்தக் கட்டணமும் பஸ் கட்டணமும் ஒரே டிக்கெட். மேலே குடியிருப்பவர்களின் வண்டிக்குப் பாஸ். உலகம் முழுக்கப் ‘பார்க் அண்ட் ரைடு’ என்று வழங்கும் ஏற்பாடு. ஊர் வழக்கில் ‘பார்க்கிங் திட்டம்’. நான்கு பக்கத் திட்டக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே இடம் முடிவாகியிருந்தது. மக்களிடம் கருத்துக் கேட்பது பற்றிய பத்தி நான்காம் பக்கத்தில் இருந்தது.

ஏற்பாடு நல்லதா கெட்டதா என்பதை ஆராய்வதல்ல என் வேலை. நல்லதுதான் என்றே நினைக்கிறேன். ஆனால் அதைப் பற்றி ஊரைக் கேட்ட விதம் இரண்டு சுற்றுகளாக நடந்தது, முதல் சுற்றில் கிடைத்த பதிலுக்கும் இரண்டாம் சுற்றில் கிடைத்த பதிலுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரண்டாம் சுற்றில் தமிழில் குறிப்பெடுக்க என்னை அழைத்திருந்தார்கள். முதல் சுற்றின் தாள்களையும் அப்போது பார்க்கக் கொடுத்தார்கள்.

முதல் சுற்று

அறிவிப்பு பஞ்சாயத்து அலுவலகத்திலும், ரேஷன் கடையிலும், அரசின் இணையச் சேவைகள் கிடைக்கும் அக்ஷயா மையத்திலும் ஒட்டப்பட்டது. மலையாளத்தில் மட்டும். இந்த வார்டில் வீட்டுக்குள் பேசுவது தமிழ். 1956-ல் மொழிவாரி மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்களும் செங்கோட்டையின் ஒரு பகுதியும் அன்றைய சென்னை மாநிலத்துக்குப் போயின. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. அந்த வழக்கை மறுபடி திறக்க இங்கே யாருக்கும் ஆசை இல்லை. பிள்ளைகள் மலையாளம் படிக்கிறார்கள், பெரியவர்கள் பேசுகிறார்கள். பேசுவது வேறு, அலுவலக மலையாளத்தில் அச்சடித்த இரண்டு பக்கத்தைப் படித்துப் புரிந்துகொள்வது வேறு. கேரளத்தின் 1969-ஆம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டம், தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியிலேயே அரசுக்கு எழுதலாம், பதிலையும் அதே மொழியில் பெறலாம் என்கிறது. அலுவலகத்தில் அதை எடுத்துச் சொல்ல யாருக்கும் தோன்றவில்லை.

கூட்டம் செவ்வாய்க்கிழமை காலை 11 மணிக்கு. அந்த நேரத்தில் லயத்துப் பெண்கள் கொழுந்து எடுத்துக்கொண்டிருப்பார்கள். ஏலத்தோட்டத்துக்குப் போனவர்கள் காய் எடுப்பில் குனிந்திருப்பார்கள். ஜீப்காரர்கள் எஸ்டேட்டில் இருப்பார்கள். வந்தவர்கள் கடைவீதி வியாபாரிகள், ஓய்வு பெற்றவர்கள், குடும்பஸ்ரீ என்ற பெண்கள் சுய உதவிக் குழுக்களின் உறுப்பினர்கள், கட்சிக்காரர்கள். பதிவேட்டில் கையெழுத்து வேண்டிய அளவுக்கு இருந்தது.

வினாத்தாளில் மூன்று கேள்விகள். முதலாவது இது: “போக்குவரத்து நெரிசலைக் குறைக்க வாகன நிறுத்துமிடமும் இணைப்புப் பஸ்ஸும் அமைப்பதை ஆதரிக்கிறீர்களா? ஆம், இல்லை.” நெரிசல் குறைய வேண்டாம் என்று யார் எழுதுவார்கள்? இரண்டாவது, கழிப்பறை வேண்டுமா என்பது. மூன்றாவது, வேறு கருத்து ஏதேனும் உண்டா என்று கேட்டு ஒன்றரை வரி இடம் விட்டிருந்தது. பெரும்பாலான தாள்களில் அந்த ஒன்றரை வரி வெறுமையாகவே இருந்தது. ஒருவர் மட்டும் ‘மைதானத்தில் ஜீப்பு?’ என்று எழுதி, கேள்விக்குறியை அழுத்திப் போட்டிருந்தார். அறிக்கை எழுதியவர் அதை எந்தத் தலைப்பின் கீழும் சேர்க்கவில்லை. பெரும்பான்மை ஆதரவு என்று முடித்துவிட்டார்.

சட்டப்படி பார்த்தால் இவ்வளவுகூடத் தேவையில்லை என்று வாதாட முடியும். மைதானம் புறம்போக்கு; யாருடைய நிலமும் போகவில்லை, ஆகவே 2013-ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் சொல்லும் சமூகத் தாக்க மதிப்பீடும் அதற்கான பொது விசாரணையும் பொருந்தாது. கட்டடப் பரப்பு 20,000 சதுர மீட்டரின் பக்கத்தில்கூட வராது, ஆகவே 2006-ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையும் தொடாது. மிஞ்சுவது 1994-ஆம் ஆண்டு கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டத்தின் கிராம சபை. வார்டுக்கு ஒன்று, மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது கூட வேண்டும், வாக்காளர்களில் பத்தில் ஒரு பங்கு வர வேண்டும். 1996-ல் மக்கள் திட்ட இயக்கத்தைத் தொடங்கி, திட்டப் பணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளின் கையில் கொடுத்த மாநிலம் இது. கிராம சபை எப்படி நடக்க வேண்டும் என்று இங்கே யாருக்கும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அதனால்தான் முதல் சுற்றைப் பார்க்கும்போது கோபம் வருகிறது. அவர்களுக்குத் தெரியாமல் நடந்த காரியம் அல்ல.

கருத்துக் கேட்பு உண்மையானதா, ஒப்புக்கானதா என்று அளக்க இங்கிலாந்து நீதிமன்றங்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கின்றன. 1985-ல் லண்டனின் பிரென்ட் பகுதியில் பள்ளிகளை மூடுவது பற்றி எழுந்த கன்னிங் வழக்கில் அது உருவானது; 2014-ல் அந்நாட்டு உச்ச நீதிமன்றமும் ஏற்றுக்கொண்டது. முடிவு எடுப்பதற்கு முன்பே கேட்க வேண்டும். யோசித்துப் பதில் சொல்லும் அளவுக்குக் காரணங்களையும் விவரங்களையும் தர வேண்டும். போதிய நேரம் தர வேண்டும். கிடைத்த பதிலை மனசாட்சியோடு எடைபோட்ட பிறகே முடிவுக்கு வர வேண்டும். அந்தத் தீர்ப்பு நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரு பஞ்சாயத்து உறுப்பினரிடம் இந்த நான்கையும் சொன்னால் எதிலும் அவருக்குத் தகராறு இருக்காது. முதல் சுற்று முதல் நிபந்தனையிலேயே தோற்றது. இடம் ஏற்கெனவே முடிவாகிவிட்டது.

மைதானத்தில் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது

திட்டக் குறிப்பில் ‘பயன்பாட்டில் இல்லாத நிலம்’ என்று ஒரு சொற்றொடர் இருந்தது. எழுதியவர் மைதானத்தைப் பகல் பன்னிரண்டு மணிக்குப் பார்த்திருக்க வேண்டும்.

காலை ஆறரைக்குப் போய்ப் பாருங்கள். கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து முதல் பஸ்களில் ஏறி வரும் பெண்கள் தூக்குவாளியோடும் தலைத்துண்டோடும் இறங்குகிறார்கள். மைதானத்தின் மேற்கு ஓரத்தில் எஸ்டேட் வாரியாக ஜீப்புகள் நிற்கின்றன. டிரைவர் எஸ்டேட் பெயரைக் கத்துவதில்லை. எந்த ஜீப் எங்கே நிற்கும் என்பது எல்லாருக்கும் தெரியும். ஏழே காலுக்குள் மைதானம் காலி. மறுபடி மூன்று மணிக்கு மேல் நிரம்பி, ஐந்துக்குள் காலியாகிறது. ஏலக்காய் விளையும் பள்ளங்களுக்குப் பஸ் போகாது, மினி பஸ்ஸும் போகாது. நான்கு சக்கரமும் இழுக்கிற ஜீப்தான் போகும். ஆகவே பஸ்ஸில் வந்து, இறங்கி, வேறு வண்டி மாறி மேலே போகும் ஏற்பாடு இந்த மைதானத்தில் இரண்டு தலைமுறையாக நடந்துகொண்டிருக்கிறது. யாரும் அதற்கு நிதி ஒதுக்கவில்லை, பெயர் வைக்கவில்லை. அவ்வளவுதான்.

இந்தப் பெண்களிடமும் ஜீப்காரர்களில் பாதிப்பேரிடமும் யாரும் கருத்துக் கேட்கவில்லை. காரணம் சரளமாகச் சொன்னார்கள்: அவர்கள் இந்த வார்டின் வாக்காளர்கள் அல்ல, எல்லைக்கு அந்தப் பக்கத்துக்காரர்கள், உள்ளூர்வாசிகளிடம் கேட்பதுதானே முறை. எல்லை ஊரில் ‘உள்ளூர்வாசி’ என்பதை வாக்காளர் பட்டியலை வைத்து அளந்தால் இதுதான் நடக்கும். இரவில் இங்கே தூங்குகிறவர் கணக்கில் வருவார், பகல் முழுவதும் இங்கே உழைக்கிறவர் வரமாட்டார். பெங்களூரில் இருந்துகொண்டு இங்கே வீடு வைத்திருப்பவருக்கு வினாத்தாள் தபாலில் போயிருக்கிறது.

ரிசார்ட் முதலாளிகள் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. அவர்கள் கூட்டத்துக்கு வரவில்லை. வரவேண்டிய தேவையும் இல்லை. ‘தங்கும் விடுதிகளில் முன்பதிவு செய்தவர்களின் வாகனங்களுக்கு விலக்கு’ என்ற வரி முதல் வரைவிலேயே இருந்தது.

ஜீப்காரரின் கணக்கு

சமதளமாக்கும் வேலைக்கு மண்வெட்டும் இயந்திரம் வந்து நின்ற காலையில்தான் விஷயம் வெடித்தது. ஜீப்புகளை எடுக்கச் சொன்னார்கள், எடுக்க மறுத்தார்கள். சோதனைச் சாவடி வரை சாலை அடைபட்டது. வார்டு மெம்பர் வந்து கையெடுத்துக் கும்பிட்ட பிறகுதான் கலைந்தது. அவருக்குப் பாராட்டு ஒன்று சொல்ல வேண்டும்: போலீஸைக் கூப்பிடாமல், மறுபடி கேட்போம் என்று சொன்னார். பஞ்சாயத்துத் தலைவரைச் சம்மதிக்க வைத்ததும் அவர்தான்.

இரண்டாம் சுற்று ஞாயிற்றுக்கிழமை மாலை, லயத்து முன்றிலில். அறிவிப்பு தமிழிலும் மலையாளத்திலும் அடித்து, பதினைந்து நாள் முன்னதாக ஜீப்புகளின் பின்கண்ணாடியிலேயே ஒட்டினார்கள். ‘ஆம், இல்லை’ கேள்வி கிடையாது. மைதானத்தின் வரைபடத்தைத் தார்ப்பாயில் பெரிதாக அச்சடித்துத் தரையில் விரித்திருந்தார்கள்; எங்கே எது வேண்டும் என்று அவரவர் கல்லை வைக்கலாம். முதலில் பிள்ளைகள்தான் வைத்தார்கள், கால்பந்துக் கம்பம் இருந்த இடத்தில் இரண்டு கல்.

பேச்சு சூடாகத்தான் தொடங்கியது. நாற்பது வருஷமாக ஜீப் ஓட்டும் ஒருவர், ஊரில் எல்லாரும் ‘மாமா’ என்று அழைப்பவர், முதல் அரைமணி நேரம் வாயே திறக்கவில்லை. பிறகு ஏலக்காய் எடைச்சீட்டு ஒன்றின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டு எழுந்தார்.

“சாரே, இருநூறு கார் என்கிறீர்கள். காருக்கு நாலு பேர், ஐந்து பேர். தொள்ளாயிரம் பேர் என்று வைத்துக்கொள்வோம். பஸ் மேலே போக இருபது நிமிஷம், இறக்க ஏற்ற ஐந்து, கீழே வரப் பதினைந்து. மொத்தம் நாற்பது. மணிக்கு ஒன்றரை நடை. ஆறு பஸ், ஒன்பது நடை. நடைக்கு முப்பது பேர். எவ்வளவு?”

“இருநூற்று எழுபது” என்று யாரோ பெண் குரல் கொடுத்தது.

“தொள்ளாயிரம் பேரை ஏற்றி முடிக்க மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகும். பத்து மணிக்கு வந்தவன் ஒன்றரை மணிக்கு மேலே போவான். அப்போது மேலே பனிமூட்டம்தான் இருக்கும், காட்சி இருக்காது. என்னிடம்தான் வந்து சண்டை போடுவான்.”

சிரிப்பு அடங்கியபின் மீதியைச் சொன்னார். ஜீப் ஒன்றுக்கு எட்டுப் பேர், மணிக்கு இரண்டு நடை சுலபமாகப் போகலாம். வார இறுதியில் எஸ்டேட் ஓட்டம் குறைவு, நாற்பது ஜீப் சும்மா நிற்கும். அது 640 பேர். ஆறு பஸ்ஸையும் சேர்த்தால் 910. ஒரு மணி நேரத்தில் வந்தவர்களை ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடலாம்.

நான்கு பக்கக் குறிப்பில் இந்தக் கணக்கு இல்லை. குறிப்பைத் தயாரித்த ஆலோசகர் நிறுத்துமிடத்தைத்தான் வடிவமைத்திருந்தார்: கார் நிற்கும் கோடு, வடிகால், விளக்குக் கம்பம். ஏறிப் போகும் பகுதிக்கு ஒரு வரிதான், ஆறு பஸ். இந்த ஏற்பாட்டுக்கு முன்மாதிரியான இங்கிலாந்தின் ஆக்ஸ்போர்டில், 1973-ல் நகருக்கு வெளியே ரெட்பிரிட்ஜில் காரை நிறுத்திவிட்டு பஸ்ஸில் உள்ளே போகும் நிலையான சேவை வந்தது. அங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் வேலைக்கும் கடைக்கும் வருகிறவர்கள், அடிக்கடி வருகிறவர்கள், வழி தெரிந்தவர்கள். நம் மலைக்கு வருகிறவர் வாழ்நாளில் ஒருமுறை வருகிறார், அதுவும் எல்லாரும் பத்துக்கும் பன்னிரண்டுக்கும் இடையில் வருகிறார்கள். ஆகவே இங்கே நிறுத்தும் இடத்தைவிட ஏற்றிப்போகும் வேகம்தான் திட்டத்தின் உயிர்நிலை.

மாமாவின் கணக்கிலும் ஓட்டை உண்டு. அதை அன்றே சிலர் சுட்டிக்காட்டினார்கள். நாற்பது ஜீப் மணிக்கு இரண்டு நடை என்றால் சாலையில் எண்பது ஏற்றம், பஸ்ஸோடு சேர்த்து எண்பத்தொன்பது. இருநூறு காரில் பாதிக்கும் குறைவுதான், ஆனால் ‘நெரிசலே இல்லாத சாலை’ என்று குறிப்பு கொடுத்த வாக்குறுதி போய்விடுகிறது. என் கருத்தில் சரியான விடை, கூட்டத்தை நாள் முழுவதும் பரப்புவதுதான்: நேரம் குறித்த டிக்கெட், சாவடியிலேயே. காலை ஏழு மணி டிக்கெட்டைப் பாதி விலைக்கு விற்றால் வாங்க ஆள் இருக்கும். அதைச் சொன்னபோது கடைவீதி ஓட்டல்காரர்கள் உடனே தலையாட்டினார்கள். காத்திருக்கும் கூட்டத்துக்குப் பசிக்கும் அல்லவா?

அனுமதிச் சிக்கல்

ஜீப்பைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று எல்லாரும் ஒத்துக்கொண்ட பிறகு பஞ்சாயத்துச் செயலாளர் ஒரு சட்டச் சிக்கலை எடுத்துப் போட்டார். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டப்படி, ஆளுக்கு ஆள் தனித்தனியாகக் கட்டணம் வாங்கி ஏற்றி இறக்குவது ஸ்டேஜ் கேரியேஜ் வேலை. ஜீப் டாக்சிக்கு இருப்பது கான்ட்ராக்ட் கேரியேஜ் பர்மிட்; முழு வண்டியையும் ஒருவர் அமர்த்திக்கொண்டு போகலாம், தலைக்கு இவ்வளவு என்று டிக்கெட் கிழிக்க முடியாது. தமிழ்நாட்டுப் பதிவெண் ஜீப் என்றால் மாநிலம் கடந்து ஓட்டும் பர்மிட் வேறு. மாமா உட்கார்ந்துவிட்டார்.

வழி காட்டியது கண்ணகி கோயில். மங்கலதேவிக்கு ஆண்டுக்கு ஒரே நாள், சித்ரா பௌர்ணமியன்று, பெரியாறு புலிகள் காப்பகத்துக்குள் ஆட்களை விடுகிறார்கள். தமிழ்நாட்டுப் பக்கம் பளியன்குடியிலிருந்து நடந்து ஏறலாம். குமுளியிலிருந்து வண்டியில் போகிறவர்கள் மலைப்பாதையில் ஜீப்பில்தான் போக முடியும். அன்று வாகனத் துறை ஜீப்புகளைச் சோதித்து அனுமதிச் சீட்டு ஒட்டுகிறது, இரு மாவட்ட நிர்வாகங்களும் முன்கூட்டியே உட்கார்ந்து பேசுகின்றன. ஆண்டுக்கு ஒரு நாள் முடிகிற காரியம் வார இறுதியில் ஏன் முடியாது என்று கேட்டவர் பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பஞ்சாயத்தே ஜீப்புகளை நாள் வாடகைக்கு முழுதாக அமர்த்திக்கொண்டு, பயணிகளிடம் நிறுத்தக் கட்டணமாக ஒரே தொகை வாங்கினால் தனித்தனி டிக்கெட் என்ற பேச்சே எழாது என்றார் அவர். செயலாளர் எழுதிக்கொண்டார். அது செல்லுமா என்பதை வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்தான் சொல்ல வேண்டும்.

மேலே சோளம் விற்பவர்கள்

வரைபடத்தில் காட்சிமுனையில் யாரும் கல் வைக்காததைக் கவனித்து, லயத்துப் பெண் ஒருவர் எழுந்துபோய் ஒன்று வைத்தார். அங்கே தள்ளுவண்டியில் சுட்ட சோளமும், மிளகாய்ப்பொடி தூவிய அன்னாசித் துண்டும் விற்பவர். கணவர் எஸ்டேட்டில் வேலை செய்வதால் லயத்தில் வீடு இருக்கிறது. இரண்டு பிள்ளைகளின் கல்லூரிக் கட்டணம் சோளத்திலிருந்து வருகிறது.

“காரில் வருகிறவன் ஓரமாக நிறுத்தி வாங்குவான். பஸ்ஸில் வருகிறவன் கடிகாரத்தைப் பார்ப்பான்” என்றார்.

நான் கேட்ட பேச்சிலேயே மிகச் சரியாக விஷயத்தைத் தொட்டது இதுதான். பயணிகள் எண்ணிக்கை குறையப்போவதில்லை என்று அதிகாரி ஆறுதல் சொன்னார். அந்தப் பெண்ணின் கேள்வி எண்ணிக்கை பற்றியது அல்ல. திரும்பும் பஸ்ஸின் நேரம் டிக்கெட்டில் அச்சடித்திருந்தால் சோளம் வேகும் நான்கு நிமிஷம் நிற்க யாருக்கும் மனம் வராது. கீழே மைதானத்தில் எட்டுக் கடைகள் கட்டி ஏலம் விடுவார்களாம், அங்கே வந்துவிடுங்கள் என்றார்கள். ஏலத்தில் கேட்க முன்பணம் கட்ட வேண்டும். தள்ளுவண்டிக்கு முன்பணம் ஏது? குடும்பஸ்ரீ குழுவின் பெயரில் ஒரு கடை ஒதுக்கலாம் என்று ஒருவர் சொன்னதும், எந்தக் குழுவுக்கு என்று நான்கு குழுக்கள் அங்கேயே முறைத்துக்கொண்டன. இந்த ஒரு விஷயம் கடைசிவரை தீரவில்லை.

இன்னொரு சின்ன விஷயம் ஐந்தே நிமிஷத்தில் தீர்ந்தது. குடியிருப்போருக்குப் பாஸ் சரி. சாவு வீட்டுக்கு உத்தமபாளையத்திலிருந்தும் போடியிலிருந்தும் வரும் உறவினர் பாஸுக்கு எங்கே போவார்கள்? சாவடிக்குத் தகவல் சொன்னால் போதும், பாஸ் வேண்டாம் என்று எழுதிக்கொண்டார்கள். கல்யாணத்துக்கும் அப்படியே. முதல் சுற்றின் வினாத்தாளில் இந்தக் கேள்விக்கு எந்தக் கட்டம் இருந்தது?

பக்கத்து அனுபவங்கள்

இந்த மலைகளில் கீழே நிறுத்தி மேலே ஏற்றிப்போகும் ஏற்பாடு புதிதல்ல. இரவிகுளம் தேசியப் பூங்காவில் வரையாடு பார்க்க வருகிறவர்கள் வாயிலில் வண்டியை விட்டுவிட்டு வனத்துறை வண்டியில்தான் ராஜமலைக்குப் போகிறார்கள். அங்கே பெரிய சச்சரவு இல்லை. உள்ளே போகும் சாலை வனத்துறையின் கையில் இருக்கிறது, நுழைவுச்சீட்டும் அவர்களுடையது.

சபரிமலைக்குப் போகும் வழியில் உள்ள நிலக்கல் வேறு கதை. 2018 ஆகஸ்ட் வெள்ளம் பம்பைக் கரை வாகன நிறுத்தத்தை அடித்துக்கொண்டு போனது. அந்த ஆண்டின் மண்டல யாத்திரைக் காலத்திலிருந்து நிலக்கல்லில் வண்டியை நிறுத்திவிட்டு கேரள அரசின் கே.எஸ்.ஆர்.டி.சி. தொடர் பஸ்ஸில் பம்பைக்குப் போகவேண்டியதாயிற்று. பேரிடர் நேரத்தில் யாரிடமும் கேட்டுக்கொண்டிருக்க முடியாது என்பது நியாயம். ஆனால் சர்ச்சை நிறுத்துமிடத்தைப் பற்றி எழவில்லை. பஸ் போகலாம் என்றால் தனியார் வண்டி ஏன் போகக்கூடாது என்று அன்றைய மத்திய இணை அமைச்சர் பொன். ராதாகிருஷ்ணன் 2018 நவம்பரில் நிலக்கல்லில் கேட்டதும் கடைசித் தூரத்தை யார் ஓட்டுவது என்ற கேள்விதான். பிறகு சிறு வாகனங்கள் பம்பை வரை போய் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பலாம் என்று தளர்த்தினார்கள்.

தேக்கடியில் ஆனவாச்சல் நிறுத்துமிடம் இன்னும் சுவையான சான்று. படகுத்துறை வரை வண்டிகள் போய்க்கொண்டிருந்ததை நிறுத்தி, ஆனவாச்சலில் நிறுத்தச் செய்து, அங்கிருந்து வனத்துறை பஸ்ஸில் கொண்டுபோவது ஏற்பாடு. காட்டுக்கு அது நல்லது. ஆனால் அந்த இடம் 1886 அக்டோபர் 29-ல் திருவிதாங்கூர் 999 ஆண்டுகளுக்குக் குத்தகைக்குக் கொடுத்த 8,000 ஏக்கரான முல்லைப் பெரியாறு நீர்ப்பரப்புக்குள் வருகிறது என்று தமிழ்நாடு சொல்ல, வரவில்லை என்று கேரளம் சொல்ல, வழக்கு பசுமைத் தீர்ப்பாயத்தைக் கடந்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 2023 நவம்பரில் இந்திய நில அளவைத் துறையை அளக்கச் சொன்னது நீதிமன்றம். எல்லைப் பகுதியில் ஒரு கார் நிறுத்தக் கல் நடுவதற்கு முன் அண்டை மாநிலத்தையும் ஒரு வார்த்தை கேட்பது எவ்வளவு செலவு மிச்சம் என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த உதாரணம் கிடைக்காது.

நம் ஊர் மைதானத்தில் குத்தகைத் தகராறு இல்லை. ஆனால் ஜீப்பில் போகும் பெண்களுக்கு வாக்கு தமிழ்நாட்டில் இருக்கிறது. இரண்டாம் சுற்றுக்கு எல்லைக்கு அந்தப் பக்க ஊராட்சித் தலைவரையும் அழைத்தார்கள். வந்தார், பேசவில்லை, முடிவில் தொழிலாளர் ஏறும் இடத்துக்கு மேற்கூரை வேண்டும் என்று மட்டும் சொன்னார். மழையில் நனைந்துகொண்டு நிற்பவர்களைத் தெரிந்தவர் கேட்கக்கூடியதுதான் அது.

என்ன மாறியது

இடம் மாறவில்லை. அதற்கு வேறு இடமும் இல்லை. மைதானத்தின் மேற்கு ஓரம் முழுவதும் எஸ்டேட் ஜீப்புகளுக்கு நிரந்தரமாக ஒதுக்கப்பட்டது. கார்களுக்கான இடம் அதனால் நூற்று நாற்பதாகக் குறைந்தது. அந்தக் குறைவைப் பார்த்து ஆலோசகர் முகம் சுளித்தார், ஆனால் ஏற்றிப்போகும் திறனோடு ஒப்பிட்டால் நூற்று நாற்பதுதான் பொருத்தமான எண். மேற்கூரை வரைபடத்தில் ஏறியது. விடுதி வாகன விலக்கு, அறைக்கு ஒரு வண்டி என்று சுருங்கியது. முழுதாக நீக்க வேண்டும் என்று லயத்து இளைஞர்கள் கேட்டது ஏற்கப்படவில்லை.

இரண்டு வார இறுதிகளில் வெள்ளோட்டம் பார்த்தார்கள். முதல் சனிக்கிழமை வரிசை சாவடியைத் தாண்டி வளைந்தது. வெயிலில் நின்றவர்கள் கத்தினார்கள், இரண்டு குடும்பங்கள் காட்சிமுனைக்குப் போகாமலே திரும்பின. அடுத்த வாரம் சாவடியில் நேரம் எழுதிய டோக்கன் கொடுத்தார்கள், சில ஜீப்புகளை வாடகைக்கு எடுத்தார்கள். வரிசை இருந்தது, ஆனால் மைதானத்துக்குள் அடங்கியது. மேலே லயத்துக்குக் காஸ் சிலிண்டர் வண்டி நேரத்துக்குப் போனதை முதன்முறையாகப் பார்த்ததாகச் சொன்னார்கள்.

இறுதி அறிக்கையின் உடலில் முதல் சுற்றின் ‘ஆம், இல்லை’ அட்டவணைதான் இன்னும் இருக்கிறது. இரண்டாம் சுற்றின் தமிழ்க் குறிப்புகள் பின்னிணைப்பாகப் போயின. மாமாவின் கணக்கைப் பெயர் சொல்லாமல் ‘பயண நேர மதிப்பீடு’ என்று ஒரு பத்தியாக ஆலோசகர் சேர்த்துக்கொண்டார், எண்கள் மாறவில்லை. உள்ளாட்சித் தேர்தல் நடத்தை விதிகள் வந்ததும் கோப்பு நின்றது. புதிய ஆட்சிக்குழு அதை மறுபடி எடுத்திருக்கிறது. ஜீப் வாடகை பற்றிப் போக்குவரத்து அலுவலகத்தின் எழுத்துப்பூர்வமான பதில் வராமல் டெண்டர் விட முடியாது, டெண்டர் இல்லாமல் கடை ஏலம் இல்லை. இதற்கிடையே காட்சிமுனைத் தள்ளுவண்டிக்காரர்கள் பதினாறு பேர் சேர்ந்து, ஏலம் வேண்டாம், தினவாடகைக்கு இடம் கொடுங்கள் என்று பஞ்சாயத்துக்குத் தனி மனு கொடுத்திருக்கிறார்கள். மனு தமிழில். பதிலும் தமிழில் வேண்டும் என்று கடைசி வரியில் 1969-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் குறிப்பிட்டிருக்கிறார்கள்.